இதயத் தளர்ச்சி: வீடு திரும்பிய பின்னரே கவனம்

அஸ்தினாபுரத்தில் மூதாட்டி ஒருவருக்குப் படுத்தவுடன் மூச்சு முட்டினால், இழுப்பு என்றெண்ணித் தாம்பரம் சானடோரியம் நெஞ்சக நோய் மருத்துவமனைக்கு விரைவோர் உண்டு. நோய் இதயத்திலும் இருக்கக்கூடும்.

இதயத் தளர்ச்சி பெரும்பாலும் இருவகை. மாரடைப்பு முதலியவற்றால் தசை நலிந்து, குருதியை வெளித்தள்ளும் அளவு 40 விழுக்காடோ அதற்குக் குறைவாகவோ ஆவது ஒன்று. அவ்வளவு 50 விழுக்காட்டுக்குக் குறையாதிருந்தும், தசை விறைத்து இதயம் நன்கு விரிய இயலாமை மற்றொன்று. இரத்தக் கொதிப்புள்ள முதிய பெண்களிடம் இது மிகுதி. ஆகவே, எக்கோ பரிசோதனையில் ‘பம்பிங் நன்று’ எனக் கேட்டு அயர்ந்துவிடலாகாது.

2013-இல் திருவனந்தபுரம் மாவட்ட மருத்துவமனைகளில் இந்நோயுடன் சேர்ந்த 1,205 பேரை ஆராய்ந்தனர். அவர்களின் சராசரி வயது 61. நூற்றுக்கு 26 பேர் இரண்டாம் வகையினர். 90 நாட்களுக்குள் நூற்றுக்குப் பதினெண்மர் மறைந்தனர். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் மறைந்தது மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின்னரே!

எனவே சகோதரிகளே! வீடு வந்தவரை நாள்தோறும் காலையில் எடை பாருங்கள். ஓரிரு நாட்களில் இரண்டு கிலோ கூடினாலோ, கால் வீங்கினாலோ உடனே மருத்துவரை நாடுங்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளத்தைத் தவிருங்கள். ரமலான் வருமுன்னரே மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள். நோன்புக்காக மாத்திரையைத் தாமாக நிறுத்த விடாதீர்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்துள்ளதை அவருக்கு இதமாக எடுத்துரையுங்கள்.