லடாக்கின் செவ்வொளியும் சேலத்துக் காந்த ஊசியும்

சேலத்துக்கு அருகிலுள்ள கஞ்சமலையை வாசகர்களில் பலர் அறிவார்கள். அதன் பாறைகளில் காந்த இரும்புக்கல் நிறைந்திருக்கிறது. நாம் பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்றால், திசைகாட்டியைக் கல்லின் அருகே வைத்து, ஊசி வடக்கை மறந்து திரும்புவதைக் காட்டுவது வழக்கம். சென்ற முறை அவ்விதம் காட்டியபோது ஒரு பையன், "ஸார், 2024-ம் வருஷம் மே மாதத்தில் லடாக்கிலுள்ள ஹான்லேயில் இரவு ஆகாயம் சிவந்ததாமே! அந்த ஒளி நம் ஊருக்கு மட்டும் ஏன் வரவில்லை?" என்று கேட்டான். கேள்வியில் சிறிது மனத்தாங்கலும் இருந்தது. அவனுக்குச் சொன்ன பதிலையே இங்கே சற்று விரித்துச் சொல்லுகிறோம்.

சூரியனிலிருந்து மின்னேறிய துகள்கள் ஓயாமல் காற்றுப்போல் வீசுகின்றன. பூமியின் காந்த சக்தி அவற்றைத் தடுத்து நிற்கிறது. அந்தக் கவசம் பகற்பக்கத்தில் சுமார் 65,000 கிலோமீட்டர் தூரத்துக்குள் அமுங்கிக் கிடக்கிறது. இராப்பக்கத்திலோ சந்திரனுக்கும் அப்பால் வால்போல் நீண்டிருக்கிறது. வாலின் வடபாதியில் காந்தக் கோடுகள் பூமியை நோக்கி வருகின்றன. தென்பாதியில் பூமியை விட்டு விலகிச் செல்லுகின்றன.

அம்மாபேட்டைத் தெருக்களில் நெசவுக்குப் பாவு நீட்டுவதைப் பார்த்தவர்கள், அளவுக்கு மிஞ்சி இழுத்தால் இழை அறும் என்பதை அறிவார்கள். காந்த வாலிலும் சக்தி சேரச் சேரக் கோடுகள் இழுபட்டு, நெருங்கி, அறுந்து, வடபாதிக் கோடு தென்பாதிக் கோட்டோடு பிணைந்துவிடுகிறது. சில சமயம் முறுக்கிய கயிறுபோல் சுருண்டுகொள்வதும் உண்டு. அறுந்த இடத்துக்கு அப்பாலுள்ளது வெளியே எறியப்படுகிறது. இப்பாலுள்ளது, இழுத்துவிட்ட ரப்பரைப்போல் பூமியை நோக்கிப் பாய்கிறது. அதனால் உந்தப்பட்ட எலெக்ட்ரான்கள் துருவப் பிரதேசங்களில் இறங்கி, அயனி மண்டலத்துப் பிராணவாயுவோடு மோதுகின்றன. நூறு கிலோமீட்டருக்கு மேல் பச்சையும், இருநூறுக்கு மேல் சிவப்புமாக ஆகாயம் ஒளிர்கிறது. 2008-ல் அமெரிக்காவின் ஐந்து துணைக்கோள்கள் இதை நேரிலேயே பிடித்துவிட்டன. சந்திரனுக்குப் போகும் வழியில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் கோடுகள் அறுந்தன. சுமார் ஒன்றரை நிமிஷத்துக்குப் பின் துருவ ஒளி பிரகாசித்தது.

நம் தென்னாட்டிலே காந்தக் கோடுகள் ஏறக்குறையப் படுக்கையாகக் கிடக்கின்றன. ஆகவே துகள்கள் அவற்றின் வழியே இங்கு இறங்க முடிவதில்லை. ஆயினும் நமக்குப் பங்கில்லை என்று எண்ண வேண்டாம். பெரிய காந்தப் புயலின்போது பூமியைச் சுற்றி ஆகாயத்தில் ஒரு மின்னோட்டம் வலுத்து, நம் காந்த சக்தியைக் குறைக்கிறது. திருநெல்வேலிக்கு மேலே நூறு கிலோமீட்டர் உயரத்தில் பகலெல்லாம் ஓடும் மின்னாறும் கலங்குகிறது. அங்குள்ள ஆராய்ச்சி நிலையம் அதைக் கண்காணித்து வருகிறது. அயனி மண்டலம் கலங்கினால் ரேடியோ அலைகளும், கைப்பேசிக்கு வழிகாட்டும் துணைக்கோள் சமிக்ஞைகளும் தடுமாறும்.

இதற்கு நம் தேசத்திலேயே ஓர் அழியாத சாட்சி உண்டு. 1859 செப்டம்பர் 1-ல் சூரியனில் ஒரு பெரும் வெடிப்பு நிகழ்ந்தது. ஒரு நாள் கழிவதற்குள் உலகெங்கும் தந்திக் கம்பிகள் தடுமாறின. கியூபாவில்கூடத் துருவ ஒளி தெரிந்தது. அந்த வேளையில் பம்பாய்க் கொலாபா காந்த நிலையத்தில் ஒருவர் ஊசியைக் கண்ணால் பார்த்துக் கையால் எண்களைக் குறித்துக்கொண்டிருந்தார். காந்த சக்தி நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு பங்கு சட்டென்று விழுந்தது. 144 வருஷங்கள் அந்த ஏடுகள் காத்திருந்தன. 2003-ல் நம் நாட்டு விஞ்ஞானிகள் லகினா, சோபனா அலெக்ஸ் ஆகியோரும் அயல்நாட்டுத் தோழர்களும் அவற்றைப் பிரித்துப் படித்து, அப்புயலின் வலிமையை உலகுக்கு அறிவித்தார்கள். இன்னொரு முறை அத்தகைய புயல் வந்தால் மின்சாரக் கம்பிகளும் துணைக்கோள்களும் என்னவாகும் என்று கணக்கிடுவோர் இன்றும் அந்த எண்களையே நாடுகிறார்கள்.

பம்பாயில் மின்சார டிராம் வரவிருந்தது. அதனால் ஊசி கலங்காதிருக்க நிலையத்தை 1904-ல் அலிபாகுக்குக் கொண்டு போனார்கள். எண் எழுதும் பழக்கத்தை மட்டும் விடவில்லை.

நம் பையன் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமலிருந்தான். "அப்படியானால் ஹான்லே சிவந்த ராத்திரி அலிபாகு ஊசியும் அசைந்திருக்குமா, ஸார்?" என்றான். அசைந்தது என்றோம். அவன் தன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, அன்றைய தேதியையும் மணியையும் எழுதி, கஞ்சமலைக் கல்லருகே ஊசி எத்தனை பாகை திரும்பியது என்று குறித்துக்கொண்டான். அந்தச் சிறு திசைகாட்டிக்கு ஆகாயப் புயல் எட்டாது என்பதை அவனுக்கு அப்போது நாம் சொல்லவில்லை. அடுத்த வாரம் வகுப்பில் சொல்லலாம். எழுதும் பழக்கம் முதலில் வரட்டும்.