தண்ணி விழுதான்னு கேட்காமல் காசு கொடுக்கலாமா?

தென்காசி பஸ் நிலையத்தில் இறங்கும் வெளியூர்க்காரர் முதலில் கேட்பது என்ன? "அண்ணாச்சி, மெயினருவியில தண்ணி விழுதா?" பதில் தெரிந்த பிறகுதான் குற்றாலம் பஸ்சில் ஏறுகிறார். சில்லறை டிக்கெட்டுக்கே இத்தனை விசாரணை!

அதே தென்காசியில், இன்னும் வெளிவராத வீடியோ கேமுக்கு முன்பணம் கட்டச் சொல்கிறான் வீட்டுப் பையன். ஆயிரக்கணக்கில்! அப்பாவும் கட்டிவிடுகிறார்.

'சைபர்பங்க் 2077' கதை மறந்துவிட்டதா? போலந்து நாட்டு சி.டி. புராஜெக்ட் ரெட் கம்பெனியின் விஞ்ஞான விளையாட்டு. ஆடுகிறவரே கதாநாயகன். 2012-ல் அறிவித்தார்கள். 2020-ல் மட்டும் 3 தடவை தேதி தள்ளிப்போனது. அப்படியும் 80 லட்சம் பிரதிகள் முன்பதிவிலேயே விற்றன!

விமர்சகர்கள் ஆகா, ஓகோ என்றார்கள். முன்கூட்டி அவர்கள் கைக்கு வந்தது கம்ப்யூட்டர் பிரதி மட்டும்தான். டிசம்பர் 10-ந் தேதி கேம் வெளிவந்தது. பழைய பிளேஸ்டேஷன்-4 வைத்திருந்தவர்கள் தலையில் கை வைத்தார்கள். படம் திக்கித் திணறியது. பாதியில் நின்றது. ஒரே வாரத்தில் சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்து அதைத் தூக்கியது. பணத்தையும் திருப்பித் தருவதாகச் சொன்னது.

பிறகு கம்பெனி பழுது பார்த்தது உண்மை. 2023-ல் வந்த 'பேண்டம் லிபர்ட்டி' கூடுதல் பாகத்துக்கு நல்ல பெயர். பொறுத்தவனுக்கு நல்ல கேம், அதுவும் தள்ளுபடியில். முண்டியடித்தவன்தான் ஏமாந்தான்.

அடுத்த முறை பையன் கேட்டால் அப்பா ஒரு வாரம் தவணை சொல்லட்டும். "நம்ம வீட்டு மிஷின்ல ஒழுங்கா ஓடுதாலே?" என்று, ஆடிப் பார்த்தவனிடம் கேட்டுவரச் சொல்லட்டும்.