படகுக் கடனுக்கு முதல் ஈடு, படகு நிற்கும் துறை

மீன்பிடிப் படகு வாங்கக் கடன் வழங்கும்போது, வங்கியாளர்களாகிய நாம் படகின் விலை, எஞ்சினின் திறன், பதிவுச் சான்று, காப்பீட்டு ஆவணம் ஆகியவற்றைச் சரிபார்க்கிறோம். புயல் எச்சரிக்கை வரும் நாளில் அந்தப் படகு எங்கே நிற்கும் என்பதை மட்டும் கேட்க மறந்துவிடுகிறோம். கடனின் பாதுகாப்பும் ஒரு குடும்பத்தின் பிழைப்பும் அந்தக் கேள்விக்கான விடையைத்தான் பெரிதும் சார்ந்துள்ளன.

கோவண்டியை அடுத்த டிராம்பேயில் கோலி மீனவர்களும் சீட்டா கேம்ப்பின் தமிழ்க் குடும்பங்களும் அருகருகே வாழ்கின்றனர். மும்பை நகரத்தின் மறைவில், உள்வாங்கிய நீர்ப்பரப்பை ஒட்டி அமைந்திருப்பதால், திறந்த கடலின் முழுச் சீற்றம் இக்கரையை எட்டுவதில்லை. இயற்கையின் இக்கொடை எல்லாக் கரைகளுக்கும் வாய்ப்பதில்லை. மறைவற்ற தமிழகக் கடற்கரையில் உற்றார் உறவினரைக் கொண்ட வாடிக்கையாளர்கள் இதனை நன்கறிவர்.

சென்னையையே எடுத்துக்கொள்வோம். துறைமுகம் அமைவதற்கு முன், கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்க, மசூலா படகுகளே சரக்கையும் பயணிகளையும் அலைகளைக் கடந்து கரை சேர்த்தன. 1876இல் தொடங்கிய அலைத்தடுப்புச் சுவர்கள் முடிவுறும் தறுவாயில், 1881 நவம்பர்ப் புயலில் உடைந்தன. எனினும் அவை மீண்டும் கட்டப்பட்டன. கப்பல் வணிகமும் அதனால் கிடைக்கும் கட்டணமும் அச்செலவுக்கு நியாயம் கற்பித்தன. சிறு படகுகளுக்கு அத்தகைய வருவாய்க் கணக்கு எதுவும் இல்லை.

சிறு படகுகளுக்கெனத் தனியே புகலிடம் கட்டிய துறைமுகம் ஹாங்காங். 1874ஆம் ஆண்டுச் சூறாவளியில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதன் பின்னர், 1883இல் காஸ்வே விரிகுடாவில் முதல் புகலிடம் அமைந்தது. பெருகிவந்த படகுகளுக்கு அது போதவில்லை. 1906 செப்டம்பர் 18 அன்று வீசிய சூறாவளி சில மணி நேரத்தில் ஏறத்தாழ 10,000 உயிர்களைப் பறித்ததாக மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் பெரும்பாலோர் படகிலேயே வாழ்ந்தவர்கள். இரண்டாவது பெரும் புகலிடம் 1915இல்தான் நிறைவுற்றது. ஒவ்வொரு முறையும் பேரழிவு முன்னே வந்தது. பணம் பின்னே வந்தது.

இந்தத் தாமதத்திற்குக் காரணம் வெளிப்படையானது. புகலிடம் ஆண்டில் சில நாட்களே முழுமையாகப் பயன்படும். அதற்கு வாடகை வசூலித்துக் கட்டுமானச் செலவை மீட்க இயலாது. அதனை நாடுவோருக்குச் செலுத்தும் வசதி இல்லை. வசதி படைத்த பெருங்கப்பல்களுக்கு அது தேவையில்லை. வருவாயை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், எந்தத் திட்ட அறிக்கையும் தேறாது. தவிர்க்கப்பட்ட இழப்பையும் வருவாயாகக் கணக்கிட்டால் மட்டுமே அதன் மதிப்பு புலப்படும்.

இன்று அத்தேவை முன்னிலும் கூடியுள்ளது. கட்டுமரத்தை நான்கு பேர் மணலில் இழுத்து ஏற்றிவிடலாம். விசைப்படகை அவ்வாறு ஏற்ற முடியாது. அது நீரிலேயே நின்றாக வேண்டும். தடுப்புச் சுவரும் போதிய இடமும் இல்லாத துறையில் படகுகள் ஒன்றோடொன்று மோதியே நொறுங்கும். 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினக் கரையில் ஏராளமான படகுகளைச் சிதைத்ததை நாம் மறந்துவிடலாகாது.

துறை அமைந்திருந்தால் என்ன நிகழும் என்பதற்கும் சான்று உண்டு. 2017ஆம் ஆண்டு ஒக்கிப் புயலின்போது, கேரளத்தையும் தமிழகத்தையும் சேர்ந்த 68 படகுகள் 952 மீனவர்களுடன் மகாராட்டிரத்தின் சிந்துதுர்க் கரையில் பாதுகாப்பாக ஒதுங்கின. புயலுக்கு மாநில எல்லை கிடையாது; புகலிடத்தின் பயனுக்கும் எல்லை கிடையாது. ஆகவே அதன் செலவை ஓர் ஊரின் மீனவர் தலையில் மட்டும் சுமத்துவது முறையன்று.

நிதிக்கான வழிகள் இல்லாமலும் இல்லை. 2018-19இல் 7,522.48 கோடி ரூபாய் மதிப்பில் மீன்வள உள்கட்டமைப்பு மேம்பாட்டு நிதியம் உருவாக்கப்பட்டது. மீன்பிடித் துறைமுகங்களும் மீன் இறங்குதளங்களும் அதன்கீழ்க் கடன் பெறலாம். வட்டியில் ஆண்டுக்கு 3 விழுக்காடு வரை மானியம் உண்டு. நபார்டு வங்கியுடன் வணிக வங்கிகளும் இதில் கடன் வழங்கலாம். எனினும் கட்டி முடிப்பதோடு கடமை தீர்ந்துவிடுவதில்லை. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால் புகலிடமே ஆபத்தாக மாறும். தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் படகுகள் கவிழ்ந்து உயிர்கள் பலியானது இதற்குத் துயரமான சான்று. கட்டுமானத்துக்குக் கடன் கிடைக்கிறது. ஆண்டுதோறும் தூர்வாரும் செலவுக்கு உறுதியான ஏற்பாடு வேண்டும்.

எனவே மூன்று செயல்கள் தேவை என்பது நம் கருத்து. முதலாவதாக, படகுக் கடன் விண்ணப்பத்தில் புயற்கால நிறுத்துமிடம் கட்டாயமாகக் குறிக்கப்பட வேண்டும். ஒரே கரையிலிருந்து வரும் விண்ணப்பங்களில் அந்த இடம் வெறுமையாக இருந்தால், அங்கு எது இல்லை என்பதை வங்கியே மாவட்ட நிருவாகத்துக்கு எடுத்துரைக்கலாம். இரண்டாவதாக, பாதுகாப்பான துறையில் நிறுத்தப்படும் படகுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணத்தைக் குறைக்க வேண்டும். மூன்றாவதாக, துறைமுகத் திட்டம் ஒவ்வொன்றிலும் தூர்வாருவதற்கான தொகை தொடக்கத்திலேயே தனி வைப்பாக ஒதுக்கப்பட வேண்டும்.

படகு மூழ்கினாலும் கடன் மூழ்குவதில்லை. அது அக்குடும்பத்தின் மீது நின்றுகொண்டே இருக்கும். படகுக்குக் கடன் கொடுப்பவர், அது ஒதுங்கும் துறைக்கும் நிதி கிடைக்கக் குரல் கொடுப்பதே பொறுப்பான வங்கிப் பணியாகும்.