ஓடம் வண்டியில் ஏறும் நாள்

"ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும்" என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் இது வெறும் பழமொழியன்று, சரித்திரம். 1887 முதல் 1895 வரை பென்னிகுயிக் துரை பெரியாற்றின் குறுக்கே அணை எழுப்பிய காலத்தில், பள்ளத்தாக்கிலிருந்து மலையேறிய சாமான்கள் குமுளிக்கு அப்பால் படகேறி அணைக்கட்டுக்குப் போயின. அணை முடிந்ததும் தேக்கடி ஏரி பிறந்தது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே அந்நீர் இறங்கி வந்து கூடலூர், கம்பம் வயல்களை நனைக்கிறது. அணையைப் பார்வையிடும் தமிழ்நாட்டுப் பொறியாளர்கள் தேக்கடியிலிருந்து படகில் செல்வது நெடுநாள் வழக்கம். 'ஜலரத்னா', 'கண்ணகி' என்ற படகுகள் அவர்களைச் சுமந்திருக்கின்றன. ஆகவே கடலைக் காணாத தேனிச் சீமையிலும் பழைய படகைப் பேணுவது பற்றி நாலு வார்த்தை பேசலாம் அல்லவா?

கடலில் மரப்படகுக்குச் சத்துரு, மரத்தைத் துளைக்கும் கப்பற்புழு. நன்னீரில் அந்தப் புழு இல்லை. ஆனால் உளுத்தல் உண்டு. ஊறுகாயைக் காக்கும் உப்பு மரத்தையும் ஓரளவு காக்கும். நன்னீருக்கு அந்தக் குணம் கிடையாது. பலகை இடுக்கில் மழைநீர் தங்கினாலோ கேட்க வேண்டியதில்லை. தேக்கடியில் இன்னோர் அபாயமும் இருக்கிறது. அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்றும் ஏரியில் நிற்கின்றன. நீர் இறங்கினால் கண்ணுக்குத் தெரியும் கட்டைகள், நீர் ஏறியதும் மறைந்து படகின் அடிவயிற்றுக்காகக் காத்திருக்கும்.

ஏரியானாலும் கடலானாலும், பழைய ஓடத்தை ஆண்டுக்கு ஒரு முறையேனும் கரையேற்ற வேண்டும். நிழலில் வைப்பது நலம். வெயிலில் காய்ந்த மரவாளி ஒழுகுவதுபோல, காய்ந்து சுருங்கிய ஓடமும் நீர் விடும். பிறகு கூரிய ஊசியொன்றால் அடிமரத்தின் ஓரங்களையும் ஆணியடித்த இடங்களையும் குத்திப் பார்க்க வேண்டும். ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் அந்தப் பலகையின் ஆயுள் முடிந்தது. வர்ணம் பூசி மறைப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். இடுக்குகளில் பஞ்சுத் திரியைத் திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசும் வேலைக்குக் கலப்பத்து என்று பெயர். பாய் இருந்தால் நன்றாக உலர்த்திய பிறகே மடிக்க வேண்டும். கயிறு தேய்ந்த இடத்தை அறுவதற்கு முன்பே மாற்ற வேண்டும். இவ்வளவும் பேணுதல்.

இனி அபிவிருத்தி. பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்கேற்றிச் சென்ற தூத்துக்குடித் தோணிகளுக்கும் பிற்காலத்தில் யந்திரம் வந்தது. காலத்தோடு போவதில் தவறில்லை. ஆனால் புதிய பலம் பழைய பலவீனத்தைத் தேடிப் பிடிக்கும். பருத்திப் பாய் பெருங்காற்றில் கிழிந்து ஓடத்தைக் காப்பாற்றிவிடும். செயற்கை இழைப் பாய் எளிதில் கிழியாது. அந்த இழுப்பு முழுவதும் பழைய பாய்மரத்தின் அடியில் போய்ச் சேரும். பின்புறம் கனத்த யந்திரத்தை மாட்டினால் முன்புறம் தூக்கிக்கொள்ளும். ஈரம் உலராத மரத்தின்மேல் கண்ணாடி இழைப் போர்வை போர்த்தினால், வெளியே பளபளப்பும் உள்ளே உளுப்புமாக முடியும்.

புதியது என்பதாலேயே ஒரு படகு நம்பத் தக்கதாகிவிடாது. 2009 செப்டம்பர் 30ஆம் தேதி தேக்கடி ஏரியில் 'ஜலகன்யகா' என்ற உல்லாசப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். அது பழம்படகன்று, சமீபத்தில்தான் நீரில் விடப்பட்ட இரண்டடுக்குப் படகு. கரையில் விலங்குகளைக் கண்ட பிரயாணிகள் ஒரே பக்கமாக நெருங்கினார்கள் என்று சொல்லப்பட்டது. மனிதர்கள் ஆவலால் ஒரு பக்கம் நகர்வது இயற்கை. அதைத் தாங்கும் நிதானம் படகுக்கு இருக்க வேண்டும். பாரம் உயர உயர அந்த நிதானம் குறையும்.

அதே ஏரியின் கோடியிலுள்ள அணையைப் பாருங்கள். 1979க்குப் பின் அதைப் பலப்படுத்தியபோது உச்சியில் கான்கிரீட்டைக் கனமாக ஏற்றினார்கள். இரும்பு வடங்களால் அடிப்பாறையோடு பிணைத்தார்கள். பின்புறம் கான்கிரீட் முட்டுக் கொடுத்தார்கள். உச்சியில் ஏற்றிய பாரம் அணையை நிலைநிறுத்தும்; படகையோ கவிழ்த்துவிடும். ஒன்று தன் கனத்தால் நிற்பது. மற்றொன்று மிதப்பால் நிற்பது.

ஆகவே பழைய பொருளைப் புதுக்க விரும்புவோர், அது இத்தனை காலம் எதனால் நின்றது என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஓடத்தின் விலாவில் நீர்மட்டம் தொடும் இடத்தில் ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புதுமையையும் சேர்த்தபின் அதை நீரில் இறக்கி, அந்தக் கோட்டைப் பாருங்கள். கோடு அமிழ்ந்தாலோ ஒரு பக்கம் சாய்ந்தாலோ, சேர்த்ததைக் கழற்றிவிடுங்கள். தானே கரையேறி வண்டியில் ஏறும் ஓடம் மறுபடியும் நீரில் இறங்கும். மூழ்கிய பின் ஏற்றப்படும் ஓடத்தைப் பற்றி அப்படிச் சொல்வதற்கில்லை.