சாதியை எண்ணுங்கள், ஆளைக் காட்டிக்கொடுக்காதீர்கள்

தரவுத் திருட்டு என்றதும் நம் நினைவுக்கு வருபவை வங்கிக் கணக்கும் ஓடிபியும்தான். பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணை அழைக்கலாம். ஏடிஎம் அட்டையை முடக்கலாம், கடவுச்சொல்லை மாற்றலாம். சாதி கசிந்தால் எதை முடக்குவது? எதை மாற்றுவது? ஒருமுறை வெளியே போனால் திரும்பப் பெறவே முடியாத தகவல் அது. இருந்தும் இணையப் பாதுகாப்பு பற்றிப் பேசுகிறவர்கள் அதைப் பற்றி அரிதாகவே பேசுகிறார்கள்.

சட்டத்தின் வரைவில் அது இருந்தது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் தந்த சட்ட வரைவு, உடல்நலம், நிதி விவரம், பாலியல் சார்பு, மத நம்பிக்கை ஆகியவற்றோடு சாதியையும் பழங்குடி அடையாளத்தையும் கூடுதல் பாதுகாப்புக்குரிய தகவலாக வகைப்படுத்தியது. ஒன்றிய அரசு 2019-இல் நாடாளுமன்றத்தில் வைத்த மசோதாவிலும் அது இருந்தது. அந்த மசோதாவை 2022-இல் திரும்பப் பெற்றார்கள். 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகைப்பாடே இல்லை. ஒருவரின் சாதிக்கும் அவருடைய மின்னஞ்சல் முகவரிக்கும் அந்தச் சட்டத்தின் முன் ஒரே எடைதான்.

இரண்டும் ஒன்றா? அமெரிக்காவில் படித்துத் திரும்பி பரோடா சமஸ்தானத்தில் பணியில் சேர்ந்த அம்பேத்கருக்கு அங்கே தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றின் பதிவேட்டில் பார்சிப் பெயரை எழுதித் தங்கினார். பதினோராம் நாள் காலை ஒரு கூட்டம் தடிகளோடு வந்து அவரை வெளியேற்றியது. இடையில் அவர் எந்தத் தவறும் செய்துவிடவில்லை. பதிவேட்டில் இருந்த பெயருக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

இன்று வாடகை வீடு மறுக்கத் தடி தேவையில்லை. 'வேறொருவர் முன்பணம் கொடுத்துவிட்டார்' என்ற ஒரு வரிச் செய்தி போதும். சாதி மறுப்புத் திருமணம் செய்வோரைத் தேடி அரிவாளே வருகிறது. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி, மணம் செய்ய விரும்பும் இருவரின் அறிவிப்பைத் திருமணப் பதிவாளர் தம் அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும். ஆட்சேபணைக்கு 30 நாள் அவகாசம். பெயர், வயது, முகவரி எல்லாம் அதில் இருக்கும். உயிருக்கு அஞ்சி ஓடி வந்தவர்களின் முகவரியைச் சுவரில் ஒட்டிவிட்டு, தரவுப் பாதுகாப்பு பற்றி அரசு நமக்கு வகுப்பெடுக்கிறது.

கசிவு எங்கே தொடங்குகிறது என்று பார்க்க எந்த ஹேக்கரையும் தேட வேண்டாம். முதல் தலைமுறை மாணவர்கள் பெரும்பாலும் உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது வீட்டுக் கணினியில் அல்ல, ஊர் பிரவுசிங் சென்டரில். சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் மூன்றையும் ஸ்கேன் செய்து அந்தக் கடையின் கணினியிலேயே சேமிக்கிறார்கள். கடவுச்சொல்லைக் கடைக்காரரே வைத்து, விண்ணப்பத்தின் ஓரத்தில் பேனாவால் எழுதித் தருகிறார். அடுத்த ஆண்டு புதுப்பிக்கும்போது தேவைப்படும் என்று எதையும் அழிப்பதில்லை. அவர் கெட்டவர் அல்லர். அவரை விட்டால் உதவ ஆள் இல்லை என்ற நிலையை உருவாக்கிய அமைப்புதான் கேள்விக்குரியது.

நான் முதுகலை படித்தபோது உதவித்தொகை பெறுவோர் பட்டியல் ஒன்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தது. பெயர், கைபேசி எண், வங்கிக் கணக்கு எண், சாதி என நான்கு பத்திகள். 'விவரம் சரியா என்று பார்க்கவும்' என்ற குறிப்பு வேறு. எங்கள் கணக்கிலிருந்து ஒரு ரூபாயும் போகவில்லை. ஆனால் அந்த வாரத்திலிருந்து உணவகத்தில் யார் யாரோடு உட்காருகிறார்கள் என்பது மாறிப்போனது. இந்த இழப்பைப் பதிய எந்தப் புகார்ப் படிவத்திலும் இடமில்லை.

புதிய சட்டம் இதற்கு என்ன தருகிறது? மானியம், சலுகை, சான்றிதழ், உரிமம் வழங்குவதற்காக அரசு தன்னிடம் ஏற்கெனவே உள்ள தகவலைப் புதிதாக ஒப்புதல் கேட்காமலே பயன்படுத்த ஏழாம் பிரிவு இடமளிக்கிறது. சாதிச் சான்றிதழையும் உதவித்தொகையையும் அரசிடம் கேட்டு நிற்பவர்கள் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அரசு விரும்பினால் தன் அமைப்புகளுக்கு விலக்கும் அளித்துக்கொள்ளலாம். நிறுவனங்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. அந்தப் பணம் அரசின் கருவூலத்துக்குப் போகும், பாதிக்கப்பட்டவருக்கு அல்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இழப்பீட்டுக்கு வழிசெய்த 43ஏ பிரிவை நீக்கவும் இதே சட்டம் வகை செய்திருக்கிறது.

மறுபுறம், நாம் கேட்கும்போது மட்டும் அரசுகளுக்குத் தனியுரிமை நினைவுக்கு வருகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவில், பொதுநலன் இருந்தால் தனிநபர் தகவலையும் தரலாம் என்று இருந்த வாசகத்தை இந்தச் சட்டம் வெட்டிவிட்டது. பொதுநலனைக் காட்டிக் கேட்க எட்டாம் பிரிவிலேயே வேறொரு வழி மிச்சமிருந்தாலும், மறுக்க நினைக்கும் அதிகாரிக்கு வேலை எளிதாகிவிட்டது. எந்தப் பணியிடத்தில் யார், எந்த ஒதுக்கீட்டில் நியமிக்கப்பட்டார் என்று கேட்டால் இனி 'தனிநபர் தகவல்' என்ற ஒற்றை வரி பதிலாக வரக்கூடும். பீகாரில் சாதிவாரிக் கணக்கெடுப்பு நடந்தபோதும் 2023 மே மாதம் பாட்னா உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க, தரவுப் பாதுகாப்பும் தனியுரிமையும் காரணங்களாக வந்தன. ஆகஸ்டில் தடை விலகி, அக்டோபர் 2 அன்று முடிவுகள் வெளியாகின. மிகப் பிற்படுத்தப்பட்டோர் 36 விழுக்காடு என்று அப்போதுதான் நாட்டுக்குத் தெரிந்தது. எந்தத் தனிமனிதரின் சாதியும் அந்த எண்ணிக்கையால் அம்பலமாகவில்லை.

'சாதிக் கணக்கெடுப்பும் வேண்டும், சாதியைப் பாதுகாக்கவும் வேண்டும் என்றால் முரண் இல்லையா?' என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். கூட்டுத்தொகை ஊருக்குத் தெரிய வேண்டும். தனி ஆளின் வரி யாருக்கும் தெரியக் கூடாது. 1948-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம் இதைத்தான் சொல்கிறது. கணக்கெடுப்பில் பதிவான தனிநபர் குறிப்பைப் பார்வையிட எவருக்கும் உரிமை இல்லை. வேறு வழக்குகளில் அதைச் சாட்சியமாகவும் காட்ட முடியாது.

எண்ணுவதும் பட்டியலிட்டுக் கண்காணிப்பதும் வேறு வேறு. இரண்டாவதன் கொடுமை தமிழ்நாட்டுக்குத் தெரியும். குற்றப் பழங்குடியினர் சட்டத்தை நம் மக்கள் 'கைரேகைச் சட்டம்' என்றே அழைத்தார்கள். பிறப்பையே குற்றமாக்கி, கைரேகை எடுத்து, இரவில் காவல் நிலையத்தில் படுக்க வைத்த சட்டம். அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்கள். காகிதப் பதிவேடே இவ்வளவு செய்ய முடிந்ததென்றால், நொடியில் நகலெடுக்கக்கூடிய பதிவேடு என்னென்ன செய்யும்?

2027 கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும். தகவல்கள் கைபேசிச் செயலியில் ஏறும். 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகளை முடக்கிய நாட்டில், 2023 ஜூனில் தடுப்பூசி போட்டோரின் விவரங்கள் டெலிகிராமில் கிடைத்த நாட்டில் இது நடக்கப்போகிறது. எனவே கணக்கெடுப்பை வரவேற்கும் நாமே சில கேள்விகளையும் கேட்க வேண்டும். சாதி விவரம் பெயரிலிருந்தும் ஆதாரிலிருந்தும் எந்தக் கட்டத்தில் பிரிக்கப்படும்? வாக்காளர் பட்டியலோடும் காவல்துறைத் தரவோடும் அதை இணைக்க மாட்டோம் என்று எழுத்தில் உறுதி தருவார்களா? சாதியைக் கூடுதல் பாதுகாப்புக்குரிய தகவலாக மீண்டும் சட்டத்தில் சேர்ப்பார்களா? கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு உண்டா?

நம் இயக்கங்களும் தங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கருத்தரங்கப் பதிவுக்குக்கூடக் கூகுள் படிவத்தில் சாதி கேட்கிறோம். தேவையில்லாததைக் கேட்காதிருப்பதுதான் முதல் பாதுகாப்பு. அடைக்கலம் தேடி வரும் இணையரின் படத்தையும் முகவரியையும் குழுக்களில் பகிர்வதை நிறுத்த வேண்டும். ஆதார் நகல் தரும் இடங்களில் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைத் தரலாம். பிரவுசிங் சென்டரில் வேலை முடிந்ததும் கோப்புகளை அழிக்கச் சொல்லி, கண் முன்னால் அழித்த பிறகு எழுந்திருக்கலாம்.

தன் சாதியைச் சொல்லி உரிமை கேட்பது ஒருவரின் போராட்டம். அவர் சொல்லாதபோது அதை ஊருக்குச் சொல்வது வன்முறை. அரசு அலுவலகத்தின் எக்செல் கோப்பு செய்தாலும் அது வன்முறைதான்.