போகிக்குக் காத்திருக்கும் குப்பை

உங்கள் வீட்டுப் பரண்மேல் என்ன இருக்கிறதென்று ஒரு தரம் ஏறிப் பார்த்ததுண்டா? காது போன வாளி, கரியேறிய அரிக்கேன் விளக்கு, மூடி தொலைந்த தூக்குச்சட்டி, தாத்தா குடித்து முடித்த மருந்துப் புட்டி, வார் அறுந்த செருப்பு! மதுரைச் சந்துகளில் ஒண்டுக்குடித்தனம் இருப்பவர்களுக்கு உள்ளதே ஓர் அறை. அதில் மனிதன் காலை நீட்டிப் படுக்க இடமில்லை. ஓட்டைச் சட்டிக்கு மாத்திரம் நிரந்தரக் குடியிருப்பு. ஏனய்யா இதை எறியவில்லை என்றால், "போகி வரட்டும்" என்கிறார்கள். குப்பையைக் குப்பை என்று அறிவதற்குக் கூடவா பஞ்சாங்கம் நாள் குறித்துக் கொடுக்க வேண்டும்?

செவ்வாய், வெள்ளியில் வீட்டிலிருந்து ஒரு பொருளும் வெளியே போகக் கூடாதாம். விளக்கு வைத்த பிறகு குப்பையைக் கொட்டினால் லட்சுமி போய்விடுவாளாம். அகல் விளக்கின் மங்கல் வெளிச்சத்தில், மூக்குத்தித் திருகாணி குப்பையோடு போய்விடக் கூடாதே என்று ஒரு கெட்டிக்காரக் கிழவி சொன்ன எச்சரிக்கையாக அது இருந்திருக்கலாம். மின்சார விளக்கின் கீழ் நின்றுகொண்டு அதையே சொல்லுகிறவர்களை என்னவென்பது? குப்பையோடுதான் லட்சுமி இருக்கிறாளென்றால், இந்த வீடுகளெல்லாம் இதற்குள் செட்டிநாட்டு மாளிகைகளாகி இருக்க வேண்டாமா?

திருமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் ஒரு வீட்டுச் சுவரில் 11 காலண்டர் அட்டைகள் தொங்கக் கண்டேன். தாள்கள் எப்போதோ தீர்ந்துவிட்டன. சிவகாசியில் மிஷினில் அடித்து, மளிகைக் கடைக்காரர் விளம்பரத்துக்காக இனாமாய்க் கொடுத்த அட்டை. முருகன் படம் இருக்கிறபடியால் கழற்றினால் குற்றமாம்! அதன் பின்னால் கரப்பானும் பல்லியும் குடும்பம் நடத்துவதில் குற்றமில்லையாம். தூசி தட்டுவதும் ஒட்டடை அடிப்பதும் அந்த வீட்டு அம்மாள். எது இருக்கலாம், எது போகலாம் என்று தீர்மானிப்பதோ கணவன், மாமியார், சாஸ்திரம்!

இது அழகு பார்க்கும் விஷயமல்ல. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டியதில்லை. கொல்லையில் கிடக்கும் சிரட்டை, உடைந்த தொட்டி, பழைய டயர் ஆகியவற்றில் தேங்கும் மழைத் தண்ணீர் போதும். முட்டை கொசுவாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். 2017-இல் தமிழ்நாடு இந்தக் காய்ச்சலால் பட்ட பாடு மறந்திருக்காது. ஐப்பசி மழையில் முட்டையிட்ட கொசு மார்கழிக் கடைசி வரை போகிக்காகக் காத்திருக்குமா?

சரி, போகியில்தான் என்ன செய்கிறார்கள்? டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தி, அந்த நஞ்சைப் பிள்ளைகள் மூச்சில் ஏற்றுகிறார்கள். 2018 போகியன்று எழுந்த புகைமூட்டத்தில் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க வழி தெரியவில்லை. எரிப்பதற்கு முன் கையிலெடுத்துப் பார்க்கும் வழக்கமாவது உண்டா? வரகுணராம பாண்டியர் சேர்த்த ஏடுகளைத் தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போன உ.வே.சாமிநாதய்யருக்கு, பழுதான ஏடுகளை ஆகமத்தில் சொன்னபடி நெய்யில் தோய்த்து நெருப்பிலிட்டாயிற்று என்று பதில் கிடைத்தது. அவரே எழுதி வைத்த சங்கதி இது. அந்த நெருப்பில் எந்தெந்தத் தமிழ் நூல் போயிற்றோ! ஓட்டைச் சட்டியைக் காப்பாற்றி ஏட்டைக் கொளுத்தியதுதான் நம் சம்பிரதாயத்தின் சிக்கனம்.

ஆகவே ஒரு நாளைக்கு ஒரு பொருள். அதைக் கையிலெடுத்து, சென்ற வருஷத்தில் எதற்காவது பயன்பட்டதா என்று பாருங்கள். பயன்பட்டதானால் இருக்கட்டும். இல்லையானால் கிழியாத துணியை உடுத்துகிறவருக்குக் கொடுங்கள். இரும்பையும் பித்தளையையும் பழைய சாமான்காரரிடம் நிறுத்துப் போடுங்கள். சிரட்டையை அடுப்பில் வையுங்கள். எடுப்பதும் விடுப்பதும் வீட்டுப் பெண்மணியின் தீர்ப்பாக இருக்கட்டும்; பித்தளை விற்ற காசும் அவர் கையிலேயே இருக்கட்டும். பரணிலிருந்து இறக்கிக் கொடுக்கிற வேலையை ஆண்கள் பார்க்கலாம். காலண்டரில் தினம் ஒரு தாளைக் கிழித்தெறிகிற கைக்கு இது பாரமான காரியமல்ல. வருகிற வெள்ளிக்கிழமையே தொடங்கலாம். விளக்கு வைத்த பிறகே தொடங்கலாம்.