பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: பர்மிங்காமில் கலை நிதி பூஜ்ஜியமானது எப்படி?

பிரிட்டனின் இரண்டாவது பெரிய நகரம் பர்மிங்காம். அதன் மாநகராட்சி 2024 மார்ச்சில் ஒரு பட்ஜெட்டை நிறைவேற்றியது. நகரின் முக்கியக் கலை அமைப்புகளுக்கான மானியம் முதல் ஆண்டில் பாதி, அடுத்த ஆண்டில் மொத்தமும் கட்! சிம்பொனி இசைக்குழு, ராயல் பாலே, ரெப் நாடக அரங்கு, ஐகான் ஓவியக்கூடம், தெற்காசிய நடனத்துக்காகவும் இசைக்காகவும் 1990 முதல் இயங்கும் சம்பத் அமைப்பு... எல்லாமே அந்தப் பட்டியலில் இருந்தன.

இத்தனைக்கும், ஊர் மக்களின் வரிப்பணத்தில் இசைக்குழுவுக்கு உதவிய ஊர் இது. 1920-ல் அந்தக் குழு உருவாகப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர், பின்னாளில் பிரதமரான நெவில் சேம்பர்லின். அந்த ஊரிலேயே இப்போது ஏன் இந்த நிலைமை?

பணம் எங்கே போனது?

2023 செப்டம்பர் 5 அன்று மாநகராட்சி 'செக்‌ஷன் 114' நோட்டீஸ் வெளியிட்டது. எளிமையாகச் சொன்னால், கஜானா காலி என்ற அறிவிப்பு. சட்டப்படி கட்டாயமான சேவைகளைத் தவிர புதிய செலவு எதுவும் செய்ய முடியாது.

முதல் காரணம் சம்பளப் பாக்கி. சமையல், துப்புரவு, பராமரிப்புப் பணிகளில் இருந்த பெண்களுக்கு, அதே தரத்திலான வேலை பார்த்த குப்பை வண்டி ஆண்களுக்குக் கிடைத்த போனஸ் கிடைக்கவில்லை. 2012-ல் உச்ச நீதிமன்றம் பெண்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு இந்த வகையில் 110 கோடி பவுண்ட் வரை கொடுத்தாகிவிட்டது. இதற்காக என்.இ.சி. கண்காட்சி அரங்க நிறுவனத்தையே 2015-ல் விற்றார்கள். அப்படியும் தீரவில்லை. 2023-ல் இன்னும் 65 முதல் 76 கோடி பவுண்ட் பாக்கி என்று கணக்குச் சொன்னார்கள். (இந்தக் கணக்கே மிகையானது என்று ஷெஃபீல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னர் கேள்வி எழுப்பினார்கள். அது தனிக்கதை.)

இரண்டாவது, கம்ப்யூட்டர் சொதப்பல். வரவு செலவுக் கணக்குக்காக ஆரக்கிள் மென்பொருளுக்கு மாறினார்கள். சுமார் 1.9 கோடி பவுண்டில் முடிய வேண்டிய வேலை, 2023-லேயே 10 கோடியை நெருங்கிவிட்டது. 2022 ஏப்ரலில் புதிய முறை ஓடத் தொடங்கியதும், மாநகராட்சியால் தன் கணக்கையே சரிபார்க்க முடியாமல் போனது. தயாராகும் முன்பே அவசரமாக இயக்கினார்கள், பிரச்னையின் முழு அளவு கவுன்சிலர்களுக்கு உரிய நேரத்தில் சொல்லப்படவில்லை என்று தணிக்கையாளர்கள் பிற்பாடு சொன்னார்கள்.

இதில் வயலின் வாசித்தவர் செய்த தப்பு என்ன? ஒன்றுமில்லை. சிம்பொனி குழுவின் ஆண்டு மானியம் 10 லட்சம் பவுண்டுக்கும் குறைவுதான். வெட்ட வேண்டியதோ இரண்டு ஆண்டுகளில் சுமார் 30 கோடி.

அப்போ கலை மீது மட்டும் ஏன் கை வைத்தார்கள்? நூலகம் நடத்துவது 1964-ம் ஆண்டு சட்டப்படி கட்டாயம். முதியோர் பராமரிப்பும், குழந்தைகள் பாதுகாப்பும் அப்படித்தான். கலைக்கு உதவுவது விருப்பம் மட்டுமே. அதனால் நூலகங்களில் குறைக்கத்தான் முடியும், கலை மானியத்தையோ துடைத்தே எடுத்துவிடலாம். கோர்ட்டுக்குப் போனாலும் நிற்காது.

தப்பு செய்த அதிகாரிகள்?

இங்கேதான் சிக்கல். ஒரு காலத்தில் பிரிட்டனில் 'சர்சார்ஜ்' என்ற முறை இருந்தது. சட்டவிரோதச் செலவாலோ வேண்டுமென்றே செய்த தவறாலோ ஏற்பட்ட இழப்பை, சம்பந்தப்பட்ட கவுன்சிலரும் அதிகாரியும் சொந்தப் பணத்தில் ஈடுகட்ட வேண்டும். ஓட்டுக்காக வீடுகளை விற்ற விவகாரத்தில், வெஸ்ட்மின்ஸ்டர் மாநகராட்சியின் முன்னாள் தலைவர் ஷெர்லி போர்ட்டர் இந்த முறையில்தான் சிக்கினார். 2004-ல் 1.23 கோடி பவுண்ட் கட்டினார்.

2000-ம் ஆண்டு சட்டம் அந்த முறையை எடுத்துவிட்டது. உள்ளாட்சிகளைக் கண்காணித்த தணிக்கை ஆணையமும் 2015-ல் கலைக்கப்பட்டது. செலவு மிச்சம் என்றார்கள்!

சர்சார்ஜை அப்படியே திரும்பக் கொண்டுவருவதும் தீர்வாகாது. வீடு போய்விடுமோ என்று பயப்படும் அதிகாரி எந்தக் கோப்பிலும் கையெழுத்துப் போட மாட்டார். மோசமான முடிவு என்பது சட்டவிரோதமும் அல்ல, எனவே ஆரக்கிள் விவகாரம் அதில் சிக்கியிருக்குமா என்பதே சந்தேகம். ஆனால் இப்போதுள்ள ஏற்பாடு வேறு துருவம். முடிவெடுத்தவர் வேறு வேலைக்குப் போய்விடலாம், பென்ஷனும் வாங்கலாம். குறைந்தபட்சம், ஒரு திட்டத்தின் செலவு இரட்டிப்பானால் அதை உடனே மன்றத்தில் வைத்தாக வேண்டும், மறைத்தவர் பெயர் தணிக்கை அறிக்கையில் வர வேண்டும் என்றாவது விதி இருக்கலாமே?

மாநகராட்சியை மேற்பார்வையிட மத்திய அரசு 2023 அக்டோபரில் தனி ஆணையர்களை நியமித்தது. தலைமை ஆணையருக்கு ஒரு நாளைக்கு 1,200 பவுண்ட். அதைத் தருவதும் மாநகராட்சிதான். பர்மிங்காம்வாசிகளின் கவுன்சில் வரி 2024-ல் சுமார் 10 சதவீதமும், 2025-ல் 7.5 சதவீதமும் ஏறியது. அந்த ஆண்டு ஏப்ரலில், பட்டியலில் இருந்த கலை அமைப்புகளுக்கு மிச்சமிருந்த பாதியும் நின்றுபோனது.